பகலை அளக்கும் பசுந்தாவரம்

மணி பார்க்க மனிதனுக்குக் கடிகாரம் வேண்டும். கடிகாரம் இல்லாத நாளில் அவன் சூரியனைப் பார்த்தான்; தன் நிழலை அடிவைத்து அளந்தான். கண்ணும் காலும் இல்லாமல் ஈரப்பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு செடி, பகல் நீள்கிறதா குறைகிறதா என்று கணக்கிடுகிறது என்றால் நம்புவோமா? நம்பித்தான் ஆகவேண்டும். அப்படிக் கணக்கிட்டு, இது வளரும் காலமா, உறங்கும் காலமா என்று அது முடிவு செய்கிறது. தன் உடலிலிருந்தே பிள்ளைகளை உண்டாக்குவதா, ஆண் பெண் உறுப்புகளைத் தாங்கி நிற்பதா என்றும் முடிவு செய்கிறது. அச்செடிக்கு லிவர்வொர்ட் என்று பெயர்.

வியப்பூட்டும் செய்தி என்பதற்காக மட்டும் இதை எழுதப் புகவில்லை. தாவரவியல் பயிலும் நாம் லிவர்வொர்ட்டை எவ்வாறு படிக்கிறோம்? மலைப்பகுதிக்குச் சுற்றுலா போகிறோம். கைநிறையப் பறித்து வருகிறோம். ஃபார்மலின் புட்டியில் அடைக்கிறோம். சவர அலகால் சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, பென்சிலால் படம் வரைந்து, பாகங்களைக் குறிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். என் கருத்து இதுதான்: லிவர்வொர்ட்டை வளர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கவேண்டும். அதிலும், பகல் நீளம் அதன் வளர்ச்சியையும் பாலிலா இனப்பெருக்கத்தையும் எவ்வாறு ஆள்கிறது என்ற கேள்விக்கு நம் மண்ணில் நாமே விடை தேடவேண்டும். பிற நாட்டார் கண்ட விடையை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டால் போதாது. ஏன் போதாது என்பதை இனிக் காண்போம்.

கிண்ணத்துள் ஒரு குடும்பம்

பழங்கால ஐரோப்பிய மருத்துவர்கள், ஈரலைப் போன்ற உருவமுடைய செடி ஈரல் நோயைத் தீர்க்கும் என்று நம்பினர். அந்த நம்பிக்கை போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இச்செடிகளில் பூ இல்லை, விதை இல்லை, உண்மையான வேரும் இல்லை. மண்ணோடு படிந்த பச்சைத் தகடு போன்ற உடலைத் தாலஸ் என்கிறோம். அதன் அடியில் உள்ள மெல்லிய ரைசாய்டுகள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. உருவில் சிறிதெனினும் இவற்றின் குலம் மிகப் பழையது. நிலத்தில் தாவரங்கள் குடியேறியதற்குச் சான்றாக, சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்ணிய வித்துகள் பாறைப் படிவுகளில் கிடைத்துள்ளன. அந்த முதற் குடியேற்றக் காலத்தை நினைவூட்டும் எளிய உடலமைப்பை லிவர்வொர்ட்டுகளில் இன்றும் காண்கிறோம்.

நம் பாடத்தில் வரும் மார்க்கான்ஷியாவை எடுத்துக்கொள்வோம். அதன் தாலஸின் மேற்புறத்தில், நடுநரம்பை ஒட்டி, விளிம்பில் பல் பல்லாகப் பிளவுண்ட சிறு கிண்ணங்கள் இருக்கும். இவையே ஜெம்மாக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தினுள்ளும் பச்சை வட்டுகளைப் போன்ற ஜெம்மாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்லாலான காம்பின்மேல் அமர்ந்திருக்கும். மழைத்துளி ஒன்று கிண்ணத்தில் விழுந்தால் போதும். காம்பிலிருந்து விடுபட்ட ஜெம்மாக்கள் நீரோடு தெறித்து அக்கம்பக்கத்து மண்ணில் போய் விழும். ஜெம்மாவுக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற வேறுபாடு முதலில் இல்லை. எப்படி விழுந்தாலும் ஒளி படும் பக்கம் மேல்பக்கமாகிறது. மறுபக்கம் ரைசாய்டுகளை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. இரு ஓரங்களிலும் உள்ள பள்ளங்களில் வளர்முனைகள் இருப்பதால், ஒரே ஜெம்மா எதிரெதிர்த் திசைகளில் இரண்டாக வளர்ந்து செல்கிறது. எத்தகைய சிக்கனம், எத்தகைய முன்னேற்பாடு!

இது பாலிலா இனப்பெருக்கம். இவ்வாறு பிறப்பவை யாவும் தாயின் அச்சு அசலான படிகள். இன்னொரு வழியும் இச்செடிக்கு உண்டு. மார்க்கான்ஷியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சிறு குடைகளைப் போன்ற தண்டுகளை அவை உயர்த்தும். ஆண் குடையில் ஆந்திரிடியங்களும் பெண் குடையில் ஆர்க்கிகோனியங்களும் தோன்றும். ஆணணு நீரில் நீந்திப் பெண்ணணுவை அடைந்தால்தான் கருவுறும். பின்னர் உண்டாகும் வித்துகள் காற்றில் நெடுந்தூரம் செல்லும். புதிய பண்புக் கலவைகளையும் சுமந்து செல்லும்.

ஆக, கிண்ணம் ஒரு வழி. குடை ஒரு வழி. எந்த நேரத்தில் எந்த வழி? இங்குதான் பகல் நீளம் அரங்கிற்கு வருகிறது.

புகையிலை சொன்ன செய்தி

அமெரிக்காவில் வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு அறிஞர்களை ஒரு புகையிலை வகை திகைக்க வைத்தது. 'மேரிலாந்து மாமத்' என்ற அவ்வகை, கோடையில் ஓங்கி ஓங்கி வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் வைத்தபோது பூத்தது. வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தபின், பகலின் நீளமே காரணம் என்று 1920-இல் அவர்கள் வெளியிட்டனர். கோடையிலும் செடியை மாலையில் இருட்டறைக்குள் வைத்துப் பகலைச் சுருக்கினால் அது பூத்தது. ஒளிக்காலத்துவம் என்று நாம் படிக்கும் பாடம் இவ்வாறு பிறந்தது.

பகலைவிட இரவின் தொடர்ச்சியே பல தாவரங்களுக்கு முக்கியம் என்பது 1938-இல் ஹாம்னர், பான்னர் ஆகியோர் செய்த ஆய்வால் தெளிவாயிற்று. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கெரித்தாலும் செடியின் கணக்குத் தவறிவிடுகிறது. ஒளியை உணரும் பொருள் ஃபைட்டோகுரோம் என்பதும், அது சிவப்பு ஒளியால் ஒரு வடிவத்தையும் தொலைச்சிவப்பு ஒளியால் மற்றொரு வடிவத்தையும் அடைகிறது என்பதும் பின்னர் தெரியவந்தன.

பூக்கும் தாவரங்களைப் பற்றிய இச்செய்திகளைத் தேர்வுக்காக நாம் நன்கு மனப்பாடம் செய்கிறோம். ஆனால் பூவே இல்லாத லிவர்வொர்ட்டும் இதே கணக்கைப் போடுகிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கிண்ணமா, குடையா?

மேலே கூறிய ஹாம்னரே வோத் என்பவருடன் சேர்ந்து மார்க்கான்ஷியா பாலிமார்ஃபாவை ஆராய்ந்து 1940-இல் முடிவுகளை வெளியிட்டார். ஊட்டச் சத்துகளையும் பகல் நீளத்தையும் மாற்றிப் பார்த்த ஆய்வு அது. குறும்பகலில் ஜெம்மாக் கிண்ணங்கள் மிகுந்தன. நெடும்பகலில் பால் உறுப்புகளைத் தாங்கும் குடைகள் எழுந்தன. அவர்கள் பணிபுரிந்த சிகாகோ நகரில் கோடையின் நெடும்பகல் 15 மணி நேரத்திற்கு மேல். குளிர்காலத்தின் குறும்பகல் 9 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அத்தகைய நாட்டில் பகல் நீளம் பஞ்சாங்கம் போன்றது. கோடை வந்தது என்று பகல் சொல்ல, செடி குடையை விரிக்கிறது.

நெடும்பகல் மட்டும் போதாது, ஒளியில் தொலைச்சிவப்புப் பகுதியும் வேண்டும் என்பது பிந்திய ஆய்வுகளின் முடிவு. குழல்விளக்கின் கீழ் இரவும் பகலும் வைத்திருந்தாலும் மார்க்கான்ஷியா குடை விடாமல் கிண்ணங்களையே உண்டாக்கிக்கொண்டிருக்கும். குழல்விளக்கின் ஒளியில் தொலைச்சிவப்பு மிகக் குறைவு என்பதே காரணம்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் மற்றொரு திரையை விலக்கினர். பூக்கும் தாவரங்கள் பகல் நீளத்தை அறியப் பயன்படுத்தும் ஜைஜாண்டியா, எஃப்.கே.எஃப். என்னும் இரு மரபணுக்களின் இணைகள் மார்க்கான்ஷியாவிலும் உள்ளன; குடை தோன்றுவதை அவையே ஆள்கின்றன என்று காட்டினர். பூ என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பகலை அளக்கும் பொறி தாவரங்களிடம் இருந்திருக்கிறது என்பது இதன் பொருள். ஜெம்மாக் கிண்ணம் உருவாவதற்கு இன்றியமையாத ஒரு மரபணுவையும் ஜப்பானிய அறிஞர்கள் 2019-இல் அறிவித்தனர். கீழ்நிலைத் தாவரம் என்று நாம் ஒதுக்கி வைத்தது இன்று உலக ஆய்வுக்கூடங்களில் முதல்வரிசையில் அமர்ந்திருக்கிறது!

பிறைக் கிண்ணத்தின் உறக்கம்

மார்க்கான்ஷியாவை விட்டு அதன் உறவினரான லுனுலேரியாவிடம் செல்வோம். இதன் ஜெம்மாக் கிண்ணம் முழுவட்டமாக இராது. பிறைமதி போல் வளைந்திருக்கும். லுனுலேரியா என்ற பெயரே பிறையைக் குறிப்பதுதான். மத்தியதரைக் கடற்கரை நாடுகள் இதன் இயற்கையான இருப்பிடம்.

இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வை கல்லூரியில் சுவாபே என்னும் அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் இச்செடியை ஆராய்ந்தனர். 1963 முதல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் ஒரு புதுமையைக் கூறின. குறும்பகலில் லுனுலேரியா நன்கு வளர்கிறது. நெடும்பகலில் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிவிடுகிறது. உறங்கும் செடி வறட்சியைத் தாங்கும் வல்லமையும் பெறுகிறது. இந்த உறக்கத்திற்குக் காரணம் தேடியபோது வளர்ச்சியைத் தடுக்கும் புதிய பொருள் ஒன்று அகப்பட்டது. 1969-இல் அறிவிக்கப்பட்ட அதற்கு லுனுலாரிக் அமிலம் என்று பெயரிட்டனர். குறும்பகலில் வளர்ந்த செடிகளைவிட நெடும்பகலில் வளர்ந்த செடிகளில் இந்த அமிலம் மிகுதியாக இருந்தது. உயர் தாவரங்களின் மொட்டையும் விதையையும் உறங்கவைக்கும் அப்சிசிக் அமிலத்திற்கு ஈடாக லிவர்வொர்ட்டுகளில் இது இருக்கிறது என்று அக்காலத்தில் கருதினர். பின்னர் அப்சிசிக் அமிலமே லிவர்வொர்ட்டுகளிலும் இருப்பது தெரிந்தது. கிண்ணத்தினுள் இருக்கும்வரை மார்க்கான்ஷியாவின் ஜெம்மா முளைக்காமல் அடங்கியிருப்பதற்கு அப்சிசிக் அமிலம் துணைசெய்கிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அறிவியல் இவ்வாறுதான் தன்னைத் திருத்திக்கொண்டு முன்னேறுகிறது.

நெடும்பகலில் உறங்குவது ஏன்? மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை வறண்டு கிடக்கும். ஜெருசலேம் நகரை எடுத்துக்கொண்டால் டிசம்பரில் பகல் ஏறத்தாழ 10 மணி நேரம். ஜூனில் 14 மணிக்குச் சற்று மேல். பகல் நீள்கிறது என்றால் வறட்சி வரப்போகிறது என்று அர்த்தம். ஈரம் வற்றியபின் விழித்துக்கொண்டு என்ன பயன்? வருமுன் காக்கவேண்டும். பகல் நீளம் அச்செடிக்கு நாள் தவறாத எச்சரிக்கை மணி.

ஒரே செய்தி, இரண்டு பொருள்

இப்போது இரண்டு செடிகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். நெடும்பகல் என்ற ஒரே செய்தி, மார்க்கான்ஷியாவுக்குக் குடையை விரிக்கும் கட்டளை. லுனுலேரியாவுக்குப் படுத்துறங்கும் கட்டளை. இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. இரண்டும் கிண்ணத்தில் ஜெம்மா சுமப்பவை. செய்தி ஒன்றாயினும் அதன் பொருளை இனமும் அது வாழ்ந்து பழகிய ஊரின் வானிலையும் சேர்ந்தே எழுதியிருக்கின்றன. அப்படியிருக்க, சிகாகோவிலும் இங்கிலாந்திலும் கண்டதை நீலகிரிக்கும் பழனி மலைக்கும் பொருத்திச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

நம் மலைகளின் நிலை வேறு. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 8 மணி 48 நிமிட வேறுபாடு உண்டு. உதகமண்டலத்தில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 48 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 27 நிமிடம். வேறுபாடு 1 மணி 20 நிமிட அளவே. அதோடு முடியவில்லை. நீலகிரியில் பகல் நீண்டிருக்கும் ஜூன் மாதத்தில்தான் தென்மேற்குப் பருவமழை வருகிறது. பகல் குறைந்திருக்கும் ஜனவரியில் வறட்சி தொடங்குகிறது. மத்தியதரைக் கடற்கரையின் கணக்கை இங்கே போட்டால் தலைகீழாகும். நெடும்பகல் கண்டு உறங்கும் செடி நம் மலையில் மழைக்காலத்தை உறங்கிக் கழித்துவிட்டு வறட்சியில் விழித்துக்கொள்ளும்!

"ஒன்றேகால் மணி நேர வேறுபாட்டை இச்சிறு செடி எங்கே உணரப்போகிறது? ஈரம் இருந்தால் வளரும், இல்லாவிட்டால் சுருளும், அவ்வளவுதானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வயலைப் பாருங்கள். நம் பாட்டன் பூட்டன் பயிரிட்ட நீண்டகாலச் சம்பா நெல் வகைகள் பலவும் பகல் குறையும் பருவத்தை எதிர்பார்த்துக் கதிர்விடுபவை. பட்டம் தவறி விதைத்தால் அவை பயிராக வளருமே தவிர, உரிய காலம் வரும்வரை பூட்டை வாங்குவதில்லை. பட்டம் பார்த்து விதைக்கவேண்டும் என்று உழவர் வற்புறுத்தியதில் இந்த உண்மையும் அடங்கியிருக்கிறது. இதே சிறு வேறுபாட்டை நெல் உணருகிறது என்றால், லிவர்வொர்ட் உணராது என்று சோதிக்காமலே தீர்ப்புக் கூறுவது முறையன்று. உணருகிறது என்று கூறுவதும் முறையன்று. சோதித்துப் பார்ப்பதே முறை.

கறுப்புத் துணியும் மண் சட்டியும்

ஆராய்ச்சி என்றவுடன் நாம் அஞ்சுகிறோம். இலட்ச ரூபாய்க் கருவிகள் வேண்டுமே என்கிறோம். கார்னரும் அல்லார்டும் தொடக்கத்தில் பயன்படுத்தியது வெறும் இருட்டறைதான். நமக்கு வேண்டியவை நான்கு அகன்ற சட்டிகள், சலித்து வேகவைத்து ஆறவைத்த மண், மூடுவதற்குக் கண்ணாடித் தகடுகள், கறுப்புத் துணி போர்த்திய பெட்டிகள், சில விளக்குகள், இவ்வளவே.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரே செடியின் கிண்ணங்களிலிருந்து ஜெம்மாக்களை எடுத்து நான்கு சட்டிகளிலும் இருபது இருபதாக வைத்தால், அத்தனையும் ஒரே மரபு உடையவை. விதையிலிருந்து முளைத்த செடிகளில் பிறப்பிலேயே வேறுபாடு இருக்கும். இவற்றில் அந்தத் தொல்லை இல்லை. தோன்றும் வேறுபாட்டைப் பெரும்பாலும் சூழ்நிலையின் மேல் தயங்காமல் ஏற்றலாம்.

எல்லாச் சட்டிகளுக்கும் நாள்தோறும் 8 மணி நேரம் நல்ல வெளிச்சம் கொடுக்கவேண்டும். பின்னர் முதற் சட்டி இருட்டுக்குச் செல்லும். இரண்டாவதற்கு மேலும் 4 மணி நேரமும் மூன்றாவதற்கு மேலும் 8 மணி நேரமும் மங்கலான வெளிச்சம் கிடைக்கும். மங்கலாக இருக்கவேண்டியதற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் பலமாக இருந்தால் செடி கூடுதலாக உணவு தயாரித்துக்கொள்ளும். பிறகு வளர்ச்சி பகல் நீளத்தால் வந்ததா, உணவால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. நான்காம் சட்டிக்கு 8 மணிப் பகல்தான். ஆனால் நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கெரிக்கவேண்டும். தொலைச்சிவப்பு ஒளியும் கிடைக்க, இழை பல்பைப் பயன்படுத்துவது நலம். கறுப்புத் துணிக்குள் வெப்பம் ஏறாமலும் ஈரம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்குமாறும் பார்த்துக்கொள்ளவேண்டும். வாரந்தோறும் தாலஸின் உருவை வரைபடத் தாளில் பதித்துப் பரப்பைக் கணக்கிடலாம், கிண்ணங்களை எண்ணலாம், முதற் கிண்ணம் எந்த நாளில் தோன்றியது என்று குறிக்கலாம். ஒரு பருவத்திற்குள் முடித்துவிடலாம். ஒருமுறை செய்ததோடு நில்லாமல் அடுத்த ஆண்டு மாணவர்கள் மீண்டும் செய்யவேண்டும். அப்போதுதான் முடிவுக்கு வலிமை.

மார்க்கான்ஷியா குளிர்ச்சியை விரும்புவது. ஆகவே இச்சோதனை மலைப்பகுதிக் கல்லூரிகளுக்கு எளிது. சமவெளிக் கல்லூரிகளுக்கு ரிக்சியா இருக்கிறது. மழைக்காலத்தில் வயல் வரப்பிலும் ஈரத் தரையிலும் வட்டமாகப் படர்ந்திருக்கும் அதற்கு ஜெம்மாக் கிண்ணம் இல்லை. பழைய பகுதி அழுகக் கிளைகள் தனித்தனிச் செடிகளாகப் பிரிந்து பெருகும். அதிலும் பகல் நீளத்தை மாற்றி, வளர்ச்சியையும் கிளைத்தலையும் அளக்கலாம்.

ஒரு வேண்டுகோளையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சோதனைக்கு உள்ளங்கை அகலச் செடி ஒன்று போதும். அதிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்கிக்கொள்ளலாம். சுற்றுலா செல்லும் ஒவ்வொரு கல்லூரியும் பை பையாகப் பறித்து வந்தால், ஓடைக்கரைப் பாறைகள் மொட்டையாகிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்ட கல்லூரி, மலையைக் கொள்ளையிடத் தேவையில்லை.

கடமை நம்முடையது

இந்திய லிவர்வொர்ட்டுகளைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதற்கு அடிகோலியவர் சிவராம் காஷ்யப். லாகூரில் பேராசிரியராக இருந்த அவர், இமயத்தின் மேற்குப் பகுதிகளில் கால்நடையாக அலைந்து திரட்டிய செய்திகளை 1929-இலும் 1932-இலும் இரு பகுதிகளாக நூல் வடிவில் தந்தார். இன்ன இடத்தில் இன்ன செடி இருக்கிறது என்று சொல்வது அவர் தலைமுறையின் பணி. அச்செடி எப்போது வளர்கிறது, எப்போது கிண்ணம் ஏந்துகிறது, எதைக் கண்டு உறங்குகிறது என்று கேட்பது நம் தலைமுறையின் பணி.

இதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒன்று சொல்வேன். மழை பொய்க்கிறது, பருவம் மாறுகிறது என்று எங்கும் பேச்சு. மழை முன்பின்னாக வரலாம்; வெப்பம் கூடலாம். பகல் நீளம் மட்டும் மாறுவதில்லை. பகலை நம்பி வாழ்வை அமைத்துக்கொண்ட செடி, மழையும் பகலும் பொருந்தாமல் போகும்போது ஏமாந்துபோகும். மழையை மட்டும் நம்பும் செடி தப்பித்துக்கொள்ளும். நம் மலைச் செடிகளில் எது எந்த வகை என்று அறிந்தால்தான் எதைக் காக்க முதலில் ஓடவேண்டும் என்பது விளங்கும். அந்த அறிவு வெளிநாட்டு நூலில் கிடைக்காது. நம் சட்டியில், நம் கண்ணெதிரே, வாரத்திற்கு ஒருமுறை எண்ணி எழுதும் நம் நோட்டுப் புத்தகத்தில்தான் கிடைக்கும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, செய்முறைப் பதிவேட்டில் அழகான படத்திற்கு மதிப்பெண் பெறுவோம், தவறில்லை. அப்படத்தின் கீழே நாமே எண்ணிய எண்கள் கொண்ட ஓர் அட்டவணையும் இருக்கட்டும். பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர்களும், ஒரே ஒரு பருவத்திற்கேனும் இச்செடியை உயிரோடு வளர்க்க இடம் தரட்டும். ஃபார்மலின் புட்டிக்குள் இருக்கும் லிவர்வொர்ட்டுக்கு இரவும் பகலும் ஒன்றே. அதனிடம் எதைக் கேட்டாலும் விடை வராது.